36 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கிவிட்டுத் தோற்றவர்: ஹார்வி ஹாடிக்ஸ், மே 26, 1959

#1 இடக்கைக்காரன்

பேஸ்பால் பக்கம் வந்தாலே பேப் ரூத், ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாறுதலுக்கு, தோற்றவர் ஒருவரைப் பற்றிப் பேசலாம்.

1959 மே 26, செவ்வாய் இரவு, மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியம். உள்ளூர் அணி பிரேவ்ஸ். 1957, 1958 இரண்டு வருடமும் நேஷனல் லீக் பட்டம் அவர்களுக்குத்தான். வரிசையில் எடி மாத்யூஸ், ஹாங்க் ஆரன், ஜோ ஆட்காக் எல்லாரும் இருக்கிறார்கள். எதிரே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். அவர்களுடைய பிட்சர், அதாவது பந்து எறிபவர், ஹார்வி ஹாடிக்ஸ். 33 வயது, இடது கை, ஐந்தடி ஒன்பது அங்குலம், ஒல்லியான உடம்பு. செல்லப்பெயர் பூனைக்குட்டி. செயின்ட் லூயிஸில் இருந்தபோது அங்கே 'பூனை' என்று பெயர் எடுத்த மூத்த இடக்கை பிட்சர் ஹாரி பிரெக்கீன் இருந்தார். பார்க்க அவர் மாதிரியே இருந்ததால் இவர் குட்டி ஆனார்.

அன்றைக்கு ஹாடிக்ஸுக்கு உடம்பு சரியில்லை. சளி, இருமல். தொண்டை மாத்திரையைச் சப்பிக்கொண்டுதான் ஆடினார். ஆட்டத்துக்கு முன் அணிக் கூட்டத்தில் பிரேவ்ஸ் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் எப்படிப் பந்து போடப் போகிறேன் என்று விளக்கியிருக்கிறார். மூன்றாம் பேஸ்காரர் டான் ஹோக், நீ சொல்கிற மாதிரியே போட்டால் இன்றைக்கு உனக்கு நோ-ஹிட்டர்தான் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது தன் அடியாலேயே பேஸைப் பிடிப்பதுகூட, இல்லாத ஆட்டம்) என்று கிண்டல் அடித்தாராம். இந்த ஹோக் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடந்தது இதுதான். முதல் இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட். இரண்டாவதில் மூன்று. இப்படியே ஒன்பது இன்னிங்ஸ், 27 பேர், ஒருவர்கூட முதல் பேஸை (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) மிதிக்கவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் அத்தோடு ஆட்டம் முடிந்து, அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். ஆனால் பைரேட்ஸும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 0-0. ஆட்டம் நீண்டது. பத்தாவதிலும் மூன்று பேர் அவுட், பதினொன்றிலும் மூன்று, பன்னிரண்டிலும் மூன்று. 36 பேர் வந்தார்கள், 36 பேரும் திரும்பிப் போனார்கள். அவருக்கு முன் யாரும் ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி இப்படிப் போனதில்லை. மில்வாக்கி ரசிகர்களே எதிரணி ஆளுக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

பதின்மூன்றாவதில் முதலில் வந்தவர் ஃபெலிக்ஸ் மான்டில்லா. ஆட்டத்தின் பின்பாதியில்தான் அவரை உள்ளே இறக்கினார்கள். ஹாடிக்ஸ் போட்ட ஒரு பந்து மூன்றாவது ஸ்ட்ரைக் என்று அவரே நினைத்தார், நடுவர் கொடுக்கவில்லை. அடுத்த பந்தை மான்டில்லா தரையோடு மூன்றாம் பேஸ் பக்கம் தட்டினார். ஹோக் சுத்தமாகப் பிடித்தார். நிதானமாக எறிய நேரமும் இருந்தது. எறிந்தது தாழப் போய் முதல் பேஸில் நின்ற ராக்கி நெல்சனின் காலடியில் விழுந்தது. எர்ரர், அதாவது தடுப்பவர் செய்த பிழை. முதல் முறையாக பேஸில் ஒரு ஆள்.

மாத்யூஸ் பன்ட் செய்து (பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட் ஆகி) மான்டில்லாவை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஆரனை வேண்டுமென்றே வாக் கொடுத்து (அடிக்க முடியாத பந்துகளாகப் போட்டு) முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த ஆட்காக், உயரமாக வந்த ஸ்லைடரை (பக்கவாட்டில் விலகும் பந்து) வலது-நடுப்பக்க வேலிக்கு மேலே அனுப்பினார். அந்த இரவில் பிரேவ்ஸுக்கு அது ஒன்றுதான் ஹிட். ஆட்டம் முடிந்தது.

இப்போது என் கேள்வி. 1991 வரை இது பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரும் பேஸுக்கே போகாத ஆட்டம்) பட்டியலில் இருந்தது. அந்த வருடம் ஒரு குழு உட்கார்ந்து நீக்கிவிட்டது. நீக்கியது தவறு என்பது என் கட்சி. என்ன சொல்கிறீர்கள்?

#2 கீர்த்தி88

அண்ணா, படிக்கவே மனசு ஆறவில்லை. எனக்கு கிரிக்கெட்தான் தெரியும், அதனால் இரண்டு சந்தேகம். நோ-ஹிட்டருக்கும் பெர்ஃபெக்ட் கேமுக்கும் என்ன வித்தியாசம்? அப்புறம், அவ்வளவு நல்லா போட்டுக்கொண்டிருந்தவர் ஆரனுக்கு ஏன் சும்மா பேஸ் கொடுக்க வேண்டும்?

#3 இடக்கைக்காரன்

நோ-ஹிட்டர் என்றால் எதிரணிக்கு ஹிட் இல்லை, அவ்வளவுதான். வாக், எர்ரர், உடம்பில் பந்து படுவது என்று வேறு வழியில் பேஸுக்குப் போகலாம். பெர்ஃபெக்ட் கேமில் எந்த வழியிலும் ஒருவரும் போகக் கூடாது. நம் ஆளுக்கு அந்த இரவில் இது சரியாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. ஹிட் விடவில்லை என்பது தெரியும், நடுவில் எங்கேயோ ஒரு வாக் கொடுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

ஆரன் விஷயம் சாதாரணக் கணக்கு. ஒரு அவுட், இரண்டாம் பேஸில் ஆள், முதல் பேஸ் காலி. அங்கே ஒருவரை நிறுத்தினால், அடுத்தவர் தரையில் அடிக்கும்போது ஒரே அடியில் இரண்டு அவுட் எடுக்கலாம். அதோடு ஆரன் அந்த சீசனை .355 சராசரியில் முடித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். அவரிடம் பந்து போட யாருக்குத் தைரியம் வரும்?

#4 சங்கர்_டெட்ராய்ட்

அதற்காக ஆட்காக்கை இளக்காரமாக நினைக்கக் கூடாது. 1954 ஜூலை 31-ல் ஒரே ஆட்டத்தில் நாலு ஹோம் ரன் அடித்த ஆள். ஆரனைத் தவிர்த்து ஆட்காக்கிடம் போவது, அடுப்புக்குப் பயந்து கொள்ளிக்கட்டையைக் கையில் எடுத்த கதை. ஆனாலும் நான் மேனேஜராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

#5 கணக்குப்பிள்ளை

இடக்கைக்காரருக்கு என் மறுப்பு.

1991 செப்டம்பரில் பேஸ்பால் கமிஷனர் (லீக்குகளின் தலைமை நிர்வாகி) ஃபே வின்சென்ட் தலைமையில் கூடிய குழு ஹாடிக்ஸைக் குறிவைத்து எதையும் செய்யவில்லை. ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட இன்னிங்ஸ் நடந்து, ஆட்டம் முடியும்வரை ஹிட் இல்லாமல் இருந்தால்தான் நோ-ஹிட்டர் என்று ஒரே கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே 50 ஆட்டங்கள் போயின. மழையால் ஐந்தாறு இன்னிங்ஸில் நின்ற ஆட்டங்கள் போயின. 1990 ஜூலை 1-ல் சிகாகோவில் யாங்கீஸ் பிட்சர் ஆண்டி ஹாக்கின்ஸ் ஒரு ஹிட்கூட விடாமல் 4-0 என்று தோற்றார். உள்ளூர் அணி ஒன்பதாவது முறை ஆட வேண்டிய தேவை இல்லாததால் அவர் எட்டு இன்னிங்ஸ்தான் போட்டிருந்தார். அதுவும் போயிற்று. இவர்களுக்கெல்லாம் ஒரு நியாயம், ஹாடிக்ஸுக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியுமா?

ஆட்டம் என்பது முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை. கடைசிப் பந்தில் ஹிட் விழுந்தது. ஒன்பதாவதோடு நிறுத்திப் பார்த்தால் பெர்ஃபெக்ட் என்று சொல்வது, நமக்குப் பிடித்த இடத்தில் கடிகாரத்தை நிறுத்துவது.

#6 இடக்கைக்காரன்

கணக்குப்பிள்ளை சார், மழையால் ஐந்து இன்னிங்ஸில் நின்றதையும் பன்னிரண்டு இன்னிங்ஸ் முழுதாகப் போட்டதையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்களே. முதலாமவர் குறைவாகச் செய்தார். இவர் கேட்டதைவிட அதிகமாகச் செய்தார். 27 பேரை அவுட் ஆக்கினால் போதும் என்பதுதானே மற்ற எல்லா பிட்சருக்கும் வைத்த பரீட்சை? 1956 உலகத் தொடரில் (இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) டான் லார்சன் பெர்ஃபெக்ட் கேம் போட்டார் என்றால், யாங்கீஸ் அவருக்கு இரண்டு ரன் எடுத்துக் கொடுத்தார்கள். ஹாடிக்ஸுக்கு ஒன்றுகூட இல்லை. தன் கையில் இல்லாத விஷயத்துக்காக அவர் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

#7 மலர்விழி

ஸ்கோர் கூத்தை யாருமே சொல்லவில்லையே!

ஆட்காக் அடித்த பந்து வேலியைத் தாண்டியது உண்மை. ஆனால் தாண்டியதை ஆரன் கவனிக்கவில்லை. பந்து மைதானத்துக்குள்தான் இருக்கிறது, மான்டில்லா வந்து சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்று நினைத்து, இரண்டாம் பேஸைத் தாண்டியதும் ஓட்டத்தை விட்டுவிட்டு நேராக அணி உட்காரும் டக்அவுட்டைப் பார்த்து நடந்துவிட்டார். ஆட்காக் சந்தோஷத்தில் தலை குனிந்து ஓடிக்கொண்டிருக்கிறார். முன்னால் போன ஆளைத் தாண்டினால் பின்னால் வந்தவர் அவுட் என்பது விதி. ஆட்காக் அவுட்.

ஆரனைத் திரும்ப அனுப்பி பேஸ்களை மிதிக்க வைத்தார்கள். 3-0 என்று நினைத்தது 2-0 ஆயிற்று. பிறகு லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் உட்கார்ந்து பார்த்து, ஆட்காக் அடித்தது ஹோம் ரன்னாக நிற்காது, டபுள்தான் (இரண்டாம் பேஸ் வரை போகும் ஹிட்), அப்படியென்றால் ஜெயிக்கத் தேவையான ஒரு ரன்தான் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னார். 1-0. அந்த ஒரு ரன்னும் எர்ரரில் வந்த மான்டில்லாவுடையது. ஆக 12⅔ இன்னிங்ஸ் போட்டு, பிட்சர் கணக்கில் ஏறுகிற மாதிரி ஒரு ரன்கூட விடாமல் தோற்ற மனிதர்.

வேலியைத் தாண்டி அடித்தவருக்கு ஹோம் ரன் இல்லை, பன்னிரண்டு இன்னிங்ஸ் பெர்ஃபெக்டாகப் போட்டவருக்கு பெர்ஃபெக்ட் கேம் இல்லை. அன்று மைதானத்தில் யாருக்குத்தான் உரியது கிடைத்தது?

#8 சங்கர்_டெட்ராய்ட்

லூ பர்டெட்டுக்குக் கிடைத்தது. ஜெயித்த பிட்சர்.

#9 புல்பென்_பாலு

இன்னொரு விஷயம் இருக்கிறது. பிரேவ்ஸ் ஆட்டக்காரர்களுக்கு அடுத்து என்ன பந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

பைரேட்ஸ் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) ஸ்மோக்கி பர்ஜெஸ் குண்டான ஆள், முழுசாகக் குத்தவைத்து உட்கார மாட்டார். எந்தப் பந்து போட வேண்டும் என்று பிட்சருக்குத் தொடைக்கு நடுவில் விரல்களால் காட்டுகிற சிக்னல் வெளியே தெரிந்துவிடும். பிரேவ்ஸ் புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) இருந்தவர்கள் அதைப் பைனாகுலர் வைத்துப் படித்தார்கள். வேலி ஓரத்தில் ஒரு துண்டு. அது இருக்கிற இடத்தை வைத்து, வருவது வேகப்பந்தா வளைவா என்று பேட்டருக்குத் தெரியும். இதைப் பிற்காலத்தில் வெளியே சொன்னவர் பிரேவ்ஸ் பிட்சரான பாப் பியூல்தான். ஆரன் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் ஆடினார்களாம்.

ஹாடிக்ஸ் அன்றைக்குப் பெரும்பாலும் இரண்டே வகைப் பந்துதான் போட்டார், ஒன்று வேகப்பந்து, இன்னொன்று ஸ்லைடர். இது வருகிறது என்று தெரிந்தும் 36 பேரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

#10 கீர்த்தி88

ஐயோ! இது ஏமாற்று வேலை இல்லையா? தண்டனை எதுவும் கிடையாதா?

#11 புல்பென்_பாலு

இரண்டாம் பேஸில் நிற்கிறவர் வெறுங்கண்ணால் பார்த்துச் சொன்னால் அது சாமர்த்தியம், இன்றைக்கும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். கருவி வைத்துப் பார்த்தால்தான் வில்லங்கம். 1951-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் தங்கள் மைதானத்தில் டெலஸ்கோப் வைத்திருந்தார்கள். 2017-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கேமராவும் குப்பைத்தொட்டியும் வைத்துச் செய்தது உலகத்துக்கே தெரியும், அதற்குத் தண்டனையும் வந்தது. 1959-ல் மாட்டியிருந்தால் சண்டைதான் நடந்திருக்கும்.

#12 கணக்குப்பிள்ளை

பாலு சொன்னது ஹாடிக்ஸின் திறமைக்குச் சான்று, ஒத்துக்கொள்கிறேன். பட்டியலுக்கு அது சான்று ஆகாது.

இன்னொன்று. குழுவைத் திட்டுவதற்கு முன் பைரேட்ஸ் பேட்டிங்கைப் பாருங்கள். பர்டெட்டிடம் அவர்கள் எடுத்தது 12 ஹிட். பன்னிரண்டும் சிங்கிள், அதாவது முதல் பேஸ் வரை மட்டுமே. மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் மூன்று ஹிட், ரன் பூஜ்யம்! முதல் பேஸில் ரோமன் மெஹியாஸ். ஹாடிக்ஸே அடித்த பந்து பர்டெட்டின் மேல் பட்டுத் தெறித்தது. மெஹியாஸ் இரண்டாம் பேஸில் நின்றிருக்கலாம். பேராசையில் மூன்றாவதுக்கு ஓடி அவுட். அடுத்தவர் டிக் ஸ்கோஃபீல்ட் ஒரு சிங்கிள் அடித்தார். மெஹியாஸ் பொறுமையாக இருந்திருந்தால் அங்கே ஒரு ரன் வந்திருக்க வாய்ப்பு உண்டு, ஆட்டம் ஒன்பதிலேயே 1-0 என்று முடிந்திருக்கும், நீங்களும் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டீர்கள்.

ஏழாவதில் பாப் ஸ்கின்னர் அடித்தது வலது பக்க வேலி வரை போனது. எதிர்க்காற்று. வேலி ஓரத்தில் ஆரன் பிடித்தார். பத்தாவதில் டிக் ஸ்டூவர்ட்டை இறக்கினார்கள், அவரும் தூரமாக அடித்து நடுப்பக்கத்தில் கேட்ச் கொடுத்தார். ஹோக் ஒருவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறோம்.

#13 இடக்கைக்காரன்

ஹோக் பற்றிச் சொன்னது நியாயம். இங்கே ஒரு பொருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1959 ஜனவரி இறுதியில் சின்சினாட்டியிலிருந்து பிட்ஸ்பர்குக்கு ஒரே பேரத்தில் மூன்று பேர் வந்தார்கள்: ஹாடிக்ஸ், கேட்சர் பர்ஜெஸ், மூன்றாம் பேஸ் ஹோக். ஒருவர் பந்து போட்டார், ஒருவர் குனிய முடியாமல் சிக்னலைக் காட்டிக்கொடுத்தார், ஒருவர் எர்ரர் விட்டார். நாலு மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் இதே மூவரும் அடுத்த வருடம் 1960 உலகத் தொடரை ஜெயித்த பைரேட்ஸ் அணியில் இருந்தார்கள். அந்தத் தொடரில் ஹாடிக்ஸுக்கு இரண்டு வெற்றி. ஐந்தாவது ஆட்டத்தைத் தொடங்கி வைத்து ஜெயித்தார். ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் உள்ளே வந்தார், யாங்கீஸ் சமன் செய்தார்கள், கீழ்ப்பாதியில் பில் மாசெரோஸ்கி அடித்த ஹோம் ரன் தொடரையே முடித்தது. ஜெயித்த பிட்சர் என்று ஹாடிக்ஸ் பெயர் பதிவானது. மில்வாக்கி இரவில் பைரேட்ஸுக்காக இரண்டாம் பேஸைக் காத்து நின்றவரும் அதே மாசெரோஸ்கிதான். பன்னிரண்டு இன்னிங்ஸுக்கு மேல் உழைத்தவருக்கு அன்று ஒரு ரன் கொடுக்காத அணி, ஒரு இன்னிங்ஸுக்கு வந்தவருக்கு உலகத் தொடரையே கொடுத்தது.

#14 மலர்விழி

1991 முடிவைப் பற்றிக் கேட்டபோது ஹாடிக்ஸ் சொன்ன பதில், பரவாயில்லை, நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும் என்பதுதான். 1994 ஜனவரியில் இறந்தார். அவருக்கே இல்லாத கோபம் நமக்கு எதற்கு என்று தோன்றுகிறது. ஆனாலும் வருகிறதே, என்ன செய்ய.

#15 சங்கர்_டெட்ராய்ட்

கோபப்பட எனக்கு உரிமை அதிகம், நான் டெட்ராய்ட்காரன். 2010 ஜூன் 2-ல் எங்கள் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். 27-வது ஆள் முதல் பேஸுக்கு வருமுன் பந்து வந்துவிட்டது, நடுவர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றார். ஆட்டம் முடிந்து வீடியோ பார்த்து ஜாய்ஸே தான் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். கமிஷனர் மாற்ற மறுத்துவிட்டார். அதனால் கலராகா பட்டியலில் இல்லை.

கணக்குப்பிள்ளை சார், பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆட்களுக்கு நான் சொல்வது: 2023 வரை 24 பெர்ஃபெக்ட் கேம் இருக்கிறது. அந்த 24 பேரையும் வரிசையாகச் சொல்லுங்கள் பார்ப்போம். லார்சனைச் சொல்வீர்கள், இன்னும் ஏழெட்டுப் பேரைச் சொல்வீர்கள். ஹாடிக்ஸைச் சொல்லாமல் ஒருவரும் இந்தப் பேச்சைத் தாண்ட முடியாது.

#16 கணக்குப்பிள்ளை

அதைத்தானே நானும் சொல்கிறேன்! பட்டியல் வேறு, புகழ் வேறு. விதியை விதியாக விடுங்கள், புகழுக்கு ஒன்றும் குறையாது. 1995 ஜூன் 3-ல் பெட்ரோ மார்டினஸ் சான் டியேகோவில் ஒன்பது இன்னிங்ஸ் பெர்ஃபெக்டாகப் போட்டு, பத்தாவதில் முதல் ஆளிடம் டபுள் வாங்கினார். அவர் அணி 1-0 என்று ஜெயித்தது. ஜெயித்த பெட்ரோவுக்கும் பட்டியலில் இடம் இல்லை. ஆக தோற்றதால் ஹாடிக்ஸை ஒதுக்கினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

#17 இடக்கைக்காரன்

பெட்ரோவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன் நான். இரண்டே பேர். பட்டியல் இடிந்து விழுந்துவிடாது.

#18 புல்பென்_பாலு

இனி யாருக்கும் இந்தத் தலைவலியே வராது. 2020-லிருந்து வழக்கமான சீசனில் பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாம் பேஸில் ஒரு ஆளைச் சும்மா நிறுத்திவிடுகிறார்கள். முதல் பந்துக்கு முன்னாலேயே பேஸில் ஆள்! அதோடு இன்றைக்கு எந்த மேனேஜர் சளி பிடித்த 33 வயது பிட்சரை 13-வது இன்னிங்ஸுக்கு அனுப்பப் போகிறார்? ஏழாவதிலேயே தோளைத் தட்டி உட்கார வைத்துவிடுவார்கள்.

#19 மலர்விழி

சீசன் முடிவை யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். 1959-ல் 154 ஆட்டம் முடிந்தபோது பிரேவ்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் 86 வெற்றியோடு சமமாக நின்றார்கள். அந்த 86-ல் ஒன்று இந்த ஆட்டம். ஹோக் ஒழுங்காக எறிந்து பைரேட்ஸ் எப்படியோ ஜெயித்திருந்தால் பிரேவ்ஸுக்கு 85, சமநிலையே வந்திருக்காது. சமன் ஆனதால் மூன்று ஆட்டத் தொடர் வைத்தார்கள், டாட்ஜர்ஸ் முதல் இரண்டையும் ஜெயித்து, உலகத் தொடரையும் வாங்கினார்கள். அன்றைய வெற்றியால் பிரேவ்ஸுக்குக் கடைசியில் கிடைத்தது இரண்டு கூடுதல் தோல்வி.

#20 கீர்த்தி88

எல்லாரும் ஹாடிக்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். எதிரே இருந்த பர்டெட்டும் 13 இன்னிங்ஸ் முழுக்கப் போட்டாரா?

#21 சங்கர்_டெட்ராய்ட்

முழுக்க. 13 இன்னிங்ஸ், 12 ஹிட், ஒரு வாக்கூட இல்லை, ரன் இல்லை. 1957 உலகத் தொடரில் யாங்கீஸை மூன்று தடவை மண்ணைக் கவ்வ வைத்தவர் அவர். 1959 சீசனிலும் 21 வெற்றி. எச்சில் பந்து (பந்தில் எச்சில் தடவி எறிவது, விதிப்படி தடை) போடுகிறார் என்று வாழ்நாள் முழுக்க அவர் மேல் புகார் இருந்தது, யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஹாடிக்ஸ் 36 பேரைத் திருப்பி அனுப்பிய அதே இரவில், அடிக்கொரு ஹிட் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஆளை பேஸிலேயே தவிக்கவிட்டு ஜெயித்தாரே, அது எந்தப் பட்டியலிலும் வராது. நான் மைதானத்தில் இருந்திருந்தால் பர்டெட் போடும்போதுதான் நகம் கடித்திருப்பேன்.

#22 கணக்குப்பிள்ளை

சங்கர், இதில் உங்கள் கட்சி நான். பர்டெட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், எச்சில் பந்து விவகாரத்தை நான் அங்கே எழுதுகிறேன்.